நன்றியறிதல் நாளும் எமது பாலர் வகுப்பும்

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை கனடாவில் நன்றியறிதல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு முந்திய வாரத்தில் இந்நாட்டுப் பாலர் வகுப்புகள் பலவும் பூசணிக்காயும் சோளப்பொத்தியும் உதிர்ந்த மேப்பிள் இலைகளுமாகக் காட்சியளிக்கும். பிள்ளைகள் தம் கையைத் தாளின்மேல் விரித்து வைத்து, அதைச் சுற்றிக் கோடிட்டு, வான்கோழி வரைவர். “நீ எதற்காக நன்றி சொல்கிறாய்?” என்று ஆசிரியை கேட்பார். நான்கு வயதுப் பிள்ளையும் தன் மனத்தில் பட்டதைச் சொல்லும்.

இவை யாவும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. அன்று மாலை பிள்ளை அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. “இதென்ன குஞ்சு?” என்று அம்மம்மா கேட்கிறார். பிள்ளையிடம் அதற்குத் தமிழ் இல்லை. அம்மம்மாவிடம் ஆங்கிலம் இல்லை. படம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்படுகிறது. பேச்சு அத்துடன் முடிகிறது.

இது சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும் இத்தகைய சிறிய நிகழ்ச்சிகள் பல சேர்ந்தே பிள்ளையின் உள்ளத்தில் ஒரு முடிவை உருவாக்குகின்றன. தைப்பொங்கலுக்கும் சரசுவதி பூசைக்கும் உரிய மொழி தமிழ். இங்கே நாளும் நடப்பவற்றுக்கு உரிய மொழி ஆங்கிலம் என்பதே அம்முடிவு. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் தேவைப்படும் மொழியை எந்தப் பிள்ளையும் நெடுநாள் வைத்திருக்க மாட்டாது. ஆகவே, இந்நாட்டின் விழாக்களையும் தமிழிலே கற்பிக்க வேண்டியது வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் கடமையாகின்றது. நன்றியறிதல் நாளை எமது பாலர் வகுப்பில் எவ்வாறு நடத்தலாம் என்பதைப் பெற்றோருக்கும், பாலருக்கு உதவும் மேல்வகுப்பு மாணவர்களுக்கும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

‘நன்றி நவிலல் நாள்’ என்றும் சிலர் இதனை எழுதுவர். நாம் ‘நன்றியறிதல்’ என்னும் சொல்லையே தெரிந்துகொண்டோம். அதற்குக் காரணம் உண்டு.

நன்றி என்பது முதலில் வாயால் சொல்லப்படும் உபசாரச் சொல் அன்று. ‘நன்று’ என்பதனோடு உறவுடைய அச்சொல், ஒருவர் நமக்குச் செய்த நன்மையையே குறித்தது. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் ‘செய்ந்நன்றி அறிதல்’ எனப் பெயர் பெற்றிருப்பதைப் பெரிய பிள்ளைகள் அறிவர். செய்த நன்மையை அறிதல் என்பது அதன் பொருள். நன்மை பிறர் செய்வது. நாம் செய்ய வேண்டியது அறிதல்.

எமது வீடுகளில் தாய்க்கு மகன் ‘நன்றி அம்மா’ என்று சொல்லும் வழக்கம் அரிது. சொன்னால் அன்னியமாகவே தோன்றும். பரிமாறியவர் மனங்குளிர உண்பதும், நோயுற்றபோது சென்று பார்ப்பதும், முதற் சம்பளத்தைப் பெற்றோர் கையில் கொடுப்பதுமே எமது நன்றியாக இருந்தன. இதனாலேயே, தமிழ்ப் பிள்ளைக்கு ‘நன்றி’ என்ற சொல்லை மட்டும் மனனஞ் செய்வித்து விட்டால் பாடம் முடிந்துவிடாது. தன் தட்டிலுள்ள உணவு யாருடைய கைகளைக் கடந்து வந்தது என்று அறியச் செய்வதே பாடம். கீழே வரும் செயற்பாடுகள் யாவும் இந்த ஒரு நோக்கத்துக்கு உரியவை.

நாளின் வரலாறு: ஆசிரியர் அறிய வேண்டியவை

பாலருக்கு ஆண்டுகளும் பெயர்களும் வேண்டியதில்லை, கற்பிப்பவருக்கு வேண்டும். 1578ஆம் ஆண்டு மார்ட்டின் புரோபிஷர் என்னும் ஆங்கிலேயக் கடலோடி, இன்று நுனாவுட் என வழங்கும் வடபகுதியில், புயலுக்குத் தப்பி வந்தமைக்காகத் தம் குழுவினருடன் வழிபாடு செய்தார். கனடா கூட்டாட்சியான பின்னர் 1879 முதல் இந்நாள் ஆண்டுதோறும் நாடளாவிய முறையில் கொண்டாடப்படலாயிற்று. அதன் தேதி பலமுறை மாறியது. ஒக்டோபர் இரண்டாம் திங்கள் என்பது 1957ஆம் ஆண்டு சனவரியில் நிலைப்படுத்தப்பட்டது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாறு வேறு. 1621இல் பிளிமத் குடியேற்றத்தாரும் வம்பனோவாக் மக்களும் சேர்ந்துண்ட அறுவடை விருந்தை அவர்கள் நினைவுகூர்கின்றனர். 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதனைத் தேசிய நாளாக அறிவித்தார். நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழன் என்பது 1941இல் சட்டமாயிற்று. கடைகளில் விற்கும் படப் புத்தகங்கள் பல அந்நாட்டிலிருந்து வருவன. அவற்றிலுள்ள கறுப்பு உயரத் தொப்பியும் கப்பலும் கனடாவின் கதையைச் சேர்ந்தவை அல்ல என்பதை நினைவிற் கொள்க.

இவ்விரு கதைகளுக்கும் முன்பே இந்நிலத்தில் நன்றியறிதல் இருந்தது. ஹோடினோஷோனி மக்கள் தம் கூட்டங்களின் தொடக்கத்தில் நிலம், நீர், மீன், செடிகொடி, விலங்கு, மரம், பறவை, காற்று, ஞாயிறு, திங்கள், விண்மீன் என ஒவ்வொன்றையும் முறையே விளித்து நன்றி கூறும் மரபினர். ஒன்ராறியோவில் கிராண்ட் ஆற்றங்கரையில் வாழும் ஆறு இனத்தார் இம்மரபினரே. ஆண்டுக்கு ஒரு நாள் என்றில்லாமல், கூடும்போதெல்லாம் நன்றி கூறும் மரபு அது.

“தைப்பொங்கல் இருக்க இது எதற்கு?”

பெற்றோர் சிலர் கேட்கும் இவ்வினா நியாயமானதே. பொங்கலும் விளைச்சலுக்கு நன்றி கூறும் நாளேயாம். ஆனால் தை பிறக்கும் காலத்தில் இங்கே நிலம் பனிமூடிக் கிடக்கிறது. கதிரையும் வயலையும் காணாத பிள்ளைக்கு, பொங்கற் பானைக்கும் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பு விளங்குவதில்லை. ஒக்டோபரிலோ அறுவடை கண்முன் நிற்கிறது. ஒன்ராறியோத் தோட்டங்களில் ஆப்பிள் பறிக்கிறார்கள். பூசணிகள் வண்டிகளில் வருகின்றன. அப்போது கண்ட விளைச்சலைத் தை மாதத்தில் நினைவூட்டினால் பொங்கல் விளங்கும். ஆகவே இதனைப் பொங்கற் பாடத்தின் முற்பகுதி எனக் கொள்ளலாம்.

வகுப்புக்கு முன்

பாலர் வகுப்பில் உள்ளோர் 3 முதல் 5 வயதினர். ஒரு செயலில் அவர்கள் கவனம் 10 நிமிடம் நிற்பதே பெரிது. ஆகவே ஒவ்வொரு செயற்பாட்டையும் குறுகியதாக அமைத்து, இடையிடையே எழுந்து ஆட விடுதல் வேண்டும். ஐந்தையும் ஒரே நாளில் நடத்த முயலக்கூடாது. இரண்டு அல்லது மூன்று சனிக்கிழமைகளுக்குப் பகிர்ந்துகொள்க. கச்சான் முதலிய பருப்பு வகைகள் எந்தச் செயற்பாட்டிலும் இடம்பெறலாகாது. ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம். விதைகளை வாயிலோ மூக்கிலோ இடாதபடி அருகே ஒருவர் இருத்தல் வேண்டும். சிவப்புப் போஞ்சி விதையைப் பச்சையாகத் தின்றால் வாந்தியும் வயிற்றுநோவும் உண்டாகும் என்பதையும் மறத்தலாகாது.

செயற்பாடு 1: பைக்குள் என்ன?

ஒரு துணிப்பையில் சிறு பூசணி, சோளப்பொத்தி, ஆப்பிள், உருளைக்கிழங்கு ஆகியவற்றை இடுக. பிள்ளை கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். “வழுவழுப்பா? சொரசொரப்பா? பாரமா? உருண்டையா? நீளமா?” என ஆசிரியர் கேட்க, பிள்ளை விடை கூறிப் பின் பொருளை வெளியே எடுக்கட்டும். பெயர்ச்சொற்களைவிடப் பண்புச் சொற்களே எம் பிள்ளைகளிடம் குறைவாக உள்ளன. அவற்றைக் கையால் உணர்ந்து கற்றால் மறவார்.

செயற்பாடு 2: கைகளின் மாலை

ஓர் ஆப்பிளை நடுவே வைத்து, “இது எப்படி இங்கே வந்தது?” என்று கேட்க. “அம்மா தந்தார்.” அம்மாவுக்கு? “கடையில் வாங்கினார்.” கடைக்கு? இவ்வாறு பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். கடையில் அடுக்கியவர், பாரவூர்தி ஓட்டியவர், பெட்டியில் இட்டவர், மரத்திலிருந்து பறித்தவர், மரம் நட்டவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு கை வடிவத்தைத் தடித்த தாளில் வெட்டி, கம்பளி நூலில் கோர்த்துச் செல்க. இறுதியில் மழைக்கு ஒரு நீலத்துளியும் ஞாயிற்றுக்கு ஒரு மஞ்சள் வட்டமும் சேர்க்க. மாலையை வகுப்பின் சுவரில் தொங்கவிட்டபின், ‘நட்டார், பறித்தார், அடுக்கினார், ஏற்றினார், ஓட்டினார், விற்றார், தந்தார்’ என்னும் வினைச்சொற்களைப் பிள்ளைகள் உடலசைவுடன் சொல்லட்டும்.

பறித்தவர் யார் என்பதைப் பெரியோரும் அறிதல் நன்று. 1966இல் ஜமேக்காவுடனும் 1974இல் மெக்சிக்கோவுடனும் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் திட்டத்தின்கீழ் இன்றும் பல்லாயிரவர் குடும்பத்தைப் பிரிந்து இங்கு வந்து கனடாவின் தோட்டங்களில் உழைக்கின்றனர். பிரிவின் துயரை அறிந்த எமது சமூகம் அவர்களை எளிதில் விளங்கிக்கொள்ளும். அதிகாலையில் தொழிற்சாலைக்கும் உணவகத்துக்கும் செல்லும் எம் பெற்றோரின் கைகளும் வேறு வீடுகளின் மாலைகளில் கோர்க்கப்பட வேண்டியவையே. “என் அப்பாவின் கை எங்கே வரும்?” என்று பிள்ளை கேட்குமாயின், பாடம் வெற்றி பெற்றது என்க.

செயற்பாடு 3: மூன்று சகோதரிகள்

சோளம், போஞ்சி, பூசணி ஆகிய மூன்றையும் ஒரே மேட்டில் நடும் முறையை ஹோடினோஷோனி மக்கள் ‘மூன்று சகோதரிகள்’ என்பர். தென் ஒன்ராறியோவில் வாழ்ந்த வென்டாட் மக்களும் இம்மூன்றையும் பயிரிட்டனர். சோளம் நிமிர்ந்து நின்று போஞ்சிக் கொடிக்குக் கொழுகொம்பாகிறது. போஞ்சியின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு உரமாக்குகின்றன. பூசணியின் அகன்ற இலைகள் நிலத்தை மூடி ஈரத்தைக் காத்துக் களையைத் தடுக்கின்றன.

வகுப்பில் இதனை ஆடிக் காட்டலாம். ஒரு பிள்ளை கைகளை உயர்த்திச் சோளமாக நிற்கட்டும். மற்றது பச்சை நாடாவுடன் அதைச் சுற்றி வரட்டும். மூன்றாவது குந்தியிருந்து கைகளை விரித்துப் பூசணி இலையாகட்டும். ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்வர்: “நான் உன்னைத் தாங்குவேன்.” “நான் உனக்கு உரம் தருவேன்.” “நான் உன் வேரைக் காப்பேன்.” பின்பு, இரவு முழுதும் ஊறிய போஞ்சி விதையை ஈரப்பஞ்சில் வைத்து, ஒளி ஊடுருவும் குவளையில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் முளை காணும். ‘விதை, வேர், முளை, தண்டு, இலை’ என்னும் சொற்களை வீட்டார் நாளுக்கொன்றாய்ச் சொல்லிக் கொடுக்கலாம்.

இங்கே பெற்றோர் சிந்திக்க ஒரு செய்தி உண்டு. எமது சமையலறையில் மிளகாய் இல்லாத நாள் உண்டா? மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, பப்பாசி, கொய்யா, கச்சான், சோளம், மஞ்சட் பூசணி ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டங்களின் முதற்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்த பயிர்களேயாம். ஐரோப்பியக் கப்பல்கள் அவற்றை எமது கரைகளுக்குக் கொண்டுவந்தன. நாம் இந்நிலத்தில் கால்வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இக்கண்டத்து உழவரின் நன்மை எமது கறிச்சட்டியில் வந்து சேர்ந்துவிட்டது.

செயற்பாடு 4: ஐந்து விரல், ஐந்து பேர்

கைவான்கோழியை விட்டுவிட வேண்டியதில்லை. அதைத் தமிழாக்கிக் கொள்ளலாம். பெருவிரல் வான்கோழியின் தலை. மற்ற நான்கும் இறகுகள். முதலில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல் எனப் பெயர் சொல்லுக. பின்னர் ஒவ்வொரு விரலுக்கும் தனக்கு நன்மை செய்த ஒருவரைப் பிள்ளையே தெரிந்து கூறட்டும். ஆசிரியர் அப்பெயரை எழுதுவார். “என்ன செய்தார்?” என்று கேட்டு ஒரு வினைச்சொல்லைப் பெறுதலே முக்கியம். “அம்மம்மா சோறு தீத்தினார்.” “மாமா தூக்கினார்.” “பஸ்காரர் காத்து நின்றார்.”

‘அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று’ என ஆசிரியர் பங்கிடலாகாது. தந்தையை இழந்த பிள்ளையும், தாய் வேறு நாட்டில் இருக்கும் பிள்ளையும் எம் வகுப்புகளில் உள்ளனர். யாரை நினைப்பது என்பது பிள்ளையின் உரிமை. புலால் உண்ணாத குடும்பத்தினரும் அஞ்ச வேண்டியதில்லை. வான்கோழி இங்கே ஒரு பறவை மட்டுமே; அதைத் தின்பது பாடத்தின் பகுதியன்று.

செயற்பாடு 5: பகிர்ந்துண்ணல்

இறுதி நாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஒரு பழத்தையோ மரக்கறியையோ கொண்டுவரட்டும். பெரியோர் அவற்றைக் கழுவி நறுக்குவர். பிள்ளைகள் தாமே தட்டேந்திச் சென்று அருகிலிருப்பவருக்குக் கொடுத்து, “எடுங்கோ” என்று சொல்வர். பெறுபவர் கொடுத்தவரின் முகம் பார்த்து, அவர் பெயரைச் சொல்லி வாங்கட்டும். தன் தட்டை நிரப்பும் முன் பிறர் தட்டை நிரப்பும் இந்தப் பழக்கம் பல விளக்கவுரைகளுக்கு ஈடாகும். எஞ்சிய பொருட்களையும், பெற்றோர் தரும் தகரத்திலடைத்த உணவுகளையும் ஊரிலுள்ள உணவு வங்கிக்குப் பிள்ளைகளுடனேயே கொண்டுசென்று கொடுத்தல் நன்று.

செய்யத் தகாதவை

காகித இறகுகளைத் தலையிற் சூட்டிப் பிள்ளைகளை ‘இந்தியர்’ ஆக்கும் வழக்கம் முன்னர் பல பள்ளிகளில் இருந்தது. அது வேண்டாம். முதற்குடி மக்களுள் இறகுத் தலையணி மதிப்புப் பெற்றோர் அணியும் சிறப்புச் சின்னம்; விளையாட்டுப் பொருள் அன்று. மேலும், அம்மக்களின் நிலம் பறிக்கப்பட்டது. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தாய்மொழி பேசினால் தண்டிக்கும் விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். 2021 முதல் செப்டெம்பர் 30ஆம் நாளை உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாகக் கனடா கடைப்பிடிக்கிறது. அது நன்றியறிதல் நாளுக்குச் சற்று முன்னரே வருவதால் இரண்டையும் சேர்த்து எண்ணுதல் பொருந்தும். ஊரையும் வயலையும் விட்டு வந்து, மொழியைக் காக்கச் சனிக்கிழமை தோறும் கூடும் நாம், பிறிதொரு மக்களின் இழப்பைக் காகித வேடமாக்குதல் தகுமா? பாலருக்கு இவ்வளவு சொன்னாற் போதும்: “இந்த நிலத்தில் முதலில் வாழ்ந்தவர்கள் இப்போதும் இங்கே வாழ்கிறார்கள். சோளத்தையும் போஞ்சியையும் பூசணியையும் அவர்கள் வளர்த்தார்கள்.” ஒஜிப்வே மொழியில் நன்றிக்கு ‘மீக்வெச்’ என்பர் என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

“உனக்காகத்தான் இத்தனை கஷ்டப்பட்டு இங்கே வந்தோம், நன்றி கெட்டவளாய் இராதே” என்னும் சொல் எமது வீடுகளில் கேட்காத சொல் அன்று. அதன் பின்னாலுள்ள வலியை நாம் அறிவோம். ஆயினும் நான்கு வயதுப் பிள்ளையின் தோளில் அதை ஏற்றுதல் கூடாது. கேட்டுப் பெறும் நன்றி கடனாகிவிடும். கடன்காரனைக் கண்டால் ஒளிந்துகொள்வதே மனித இயல்பு. பட்ட துன்பத்தைக் கணக்காகச் சொல்லாமல் கதையாகச் சொல்லுங்கள். யார் ஒரு வாய் தண்ணீர் தந்தார், யார் இரவில் கதவு திறந்தார், வந்த முதற் பனிக்காலத்தில் யார் குளிரங்கி தந்தார் என்று சொல்லுங்கள். உமக்குப் பிறர் செய்த நன்மையை நீர் மறவாதிருப்பதைக் காணும் பிள்ளை, நீர் செய்ததைத் தானே அறிந்துகொள்ளும்.

அந்த வாரத்தில் உணவு மேசையில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். “இன்று உனக்கு யார் உதவினார்?” என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் விடை சொன்னால் கண்டிக்க வேண்டாம். அதையே தமிழில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். அம்மம்மா, அப்பப்பா இருக்கும் வீடுகளில் அவர்களையும் அந்த மேசையில் இருத்துங்கள். சூடு மிதிப்பதையும் கதிர் அறுப்பதையும் கண்ணாற் கண்டு சொல்லத்தக்கவர் அவர்களே.

மாணவர்களுக்கு

மேல்வகுப்பு மாணவர்களே! பாலர் வகுப்புக்கு உங்களது துணை தேவை. கை வடிவங்களை வெட்டிக் கொடுக்கவும், பெயர்களை அழகாக எழுதவும், சிறியோரின் அருகே அமர்ந்து தமிழிற் பேசவும் உங்களால் இயலும். ஆசிரியர் பேசும் தமிழ் பாடமாகத் தோன்றும். அக்காவும் அண்ணாவும் பேசும் தமிழோ உயிருள்ள மொழியாகத் தோன்றும். உங்களுக்கு ஏடு தொடக்கி அரிவரி கற்பித்தோருக்கு நீங்கள் செய்யத்தக்க கைம்மாறும் இதுவே.

வருகின்ற ஒக்டோபரில் இச்செயற்பாடுகளுள் ஒன்றையேனும் எமது வகுப்புகளிலும் உங்கள் வீடுகளிலும் செய்து பார்ப்போம். பூசணிக்கும் மழைக்கும் பறித்த கைக்கும் தமிழிலே பெயர் சொல்லக் கற்ற பிள்ளை, தான் வாழும் நிலத்திலேயே தமிழுக்கும் ஓர் இடம் உண்டு என்பதைக் கற்றுக்கொள்ளும். அவ்விடத்தைப் பிள்ளைகளுக்கு அமைத்துக் கொடுப்பது பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.